சிற்றிலை மிதித்தவன்

புனேயில் கடல் இல்லை. தாம்ஹிணி கணவாய் வழியாகவோ வரந்தா கணவாய் வழியாகவோ சஹ்யாத்ரியை இறங்கினால்தான் கொங்கணக் கரை. ஆனாலும் நகரத்தின் பழைய பேட்டைகளில் பூர்வீகம் எது என்று பேச்செடுத்தால் அது கடலோரத்துக்குப் போய்விடுவது சாதாரணம். 1713இல் பேஷ்வா ஆன பாலாஜி விஸ்வநாத், ஸ்ரீவர்தன் என்ற கடற்கரை ஊர்க்காரர். அவர் மகன் பாஜிராவ் காலத்தில் புனே அதிகார பீடமானதும் உறவுக்காரர், ஊர்க்காரர் என்று கொங்கணக் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறின. இத்தனை தலைமுறை கழிந்தும் அவர்களில் பலருக்குக் குலதெய்வம் குஹாகரிலோ ஹரிஹரேஸ்வரிலோதான் இருக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கே கூட்டிப்போய்க் கும்பிட வைக்கிறார்கள். அப்பா பல்வந்த் சௌக்கின் புத்தகக் கடைகளில் கொங்கண நாவலுக்கு இன்றும் ஒரு தனி வாசகர் கூட்டம் இருப்பதில் வியப்பில்லை. கடலை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் கடலைப் படிக்கிறார்கள்.

இப்போது அந்தக் கடைகளில் இன்னொரு சரக்கும் குவிகிறது. சின்ன வயதில் கீரியும் பாம்புமாக இருந்த இருவர், பட்டணம் போய் வளர்ந்து, ஏதோ காரணத்துக்காகக் கடலோரச் சொந்த ஊருக்குத் திரும்பி, பழைய சண்டையைப் புதுப்பித்து, சண்டையிலேயே காதலாகும் கதை. ஆங்கிலத்தில் இது தனி வகையாகவே நிலைபெற்றுவிட்டது. எமிலி ஹென்றியின் 2020ஆம் வருட நாவலுக்கு ‘பீச் ரீட்’ என்று பெயர். கல்லூரியில் போட்டியாளர்களாக இருந்த இரண்டு எழுத்தாளர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். தலைப்பில் கடற்கரை இருந்தாலும் நடப்பதென்னவோ மிச்சிகன் ஏரிக்கரையில். இந்த வகைக்குப் பாட்டி என்று சொல்லத் தக்கது லூசி மாட் மான்ட்கோமரி எழுதி 1908இல் வெளிவந்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. தன் செம்பட்டை முடியைக் கேரட் என்று கேலி செய்த கில்பர்ட்டின் தலையில் ஆன் சிலேட்டை உடைக்கிறாள். பிறகு வருடக்கணக்கில் பேச்சே கிடையாது, முதல் இடத்துக்கு மட்டும் இருவருக்கும் போட்டி. கடைசியில் தனக்குக் கிடைத்த உள்ளூர்ப் பள்ளி வேலையை அவளுக்காக அவன் விட்டுக்கொடுக்கிறான். காதல் அதற்குப் பின்வரும் பாகங்களில்தான்.

அந்தக் கதைகளில் சண்டை இரண்டு பேரின் சொந்தச் சொத்து. கர்வம், மார்க்கு, ஒரு சொல் காயம், அவ்வளவுதான். அவர்கள் இருவரும் சமாதானமானால் கதை முடிந்துவிடும். நம் பக்கத்தில் அப்படி இல்லை. இங்கே அவனுக்கும் அவளுக்கும் நடுவே முறை இருக்கும், வீடு இருக்கும், வழக்கு இருக்கும். இருவர் கைகோத்தால் ஊர் சமாதானமாகிவிடாது. மராத்தியிலும் தமிழிலும் இந்தக் கதை எப்படியெல்லாம் நடந்து வந்திருக்கிறது என்று பார்த்தால், ஒரே விஷயம் மூன்று தடவை சட்டை மாற்றியிருப்பது தெரிகிறது. முதலில் போட்டியாளன் உறவுக்காரன். அப்புறம் எதிர்வீட்டுக்காரன். இப்போது உடன் படித்தவன்.

பழையதிலிருந்து தொடங்கலாம். கலித்தொகையின் 51ஆம் பாட்டு கபிலர் பாடியது. ஒருத்தி தோழியிடம் சொல்கிறாள்: தெருவில் நாம் கட்டிய சிற்றிலை, அந்த மணல் வீட்டைக் காலால் சிதைப்பானே, தலையில் இருந்த மாலையைப் பறிப்பானே, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவானே, அந்தப் போக்கிரிப் பயல், ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். அம்மா கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். இன்னார் என்று தெரியாமல் போனேன். கையைப் பிடித்துவிட்டான். ‘அம்மா, இவன் செய்ததைப் பார்’ என்று கத்தினேன். அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். ‘தண்ணீர் குடிக்கையில் விக்கிக்கொண்டது’ என்று சொல்லிவிட்டேன். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் என்னைக் கொல்வதுபோலப் பார்த்துச் சிரித்தான்.

சின்ன வயது எதிரி, வளர்ந்தபின் மறுசந்திப்பு, சண்டையின் நடுவே காதல். இன்றைய நாவல்கள் முந்நூறு பக்கத்தில் செய்வது இங்கே ஒரே பாட்டில் முடிந்துவிடுகிறது. கையைப் பிடிப்பதை இன்றைய வாசகர் முகம் சுளிக்காமல் படிக்க முடியாது, சுளிக்கத்தான் வேண்டும். ஆனால் பாட்டின் உயிர் அந்தப் பிடியில் இல்லை, அவள் சொல்லும் பொய்யில் இருக்கிறது. கத்தியவளும் அவளே, காப்பாற்றியவளும் அவளே. முடிவு அவள் கையில். பிற்காலத்து எத்தனையோ காதல் கதைகளில் இந்த உரிமை அவளிடமிருந்து நைசாகப் பறிபோயிருக்கிறது.

இந்தப் பாட்டு குறிஞ்சிக்கலியில் வருகிறது, நெய்தலில் அல்ல. சங்கத்தார் கணக்கில் கூடல் குறிஞ்சிக்கு, ஊடல் மருதத்துக்கு, இரங்கல் நெய்தலுக்கு. கடற்கரை காத்திருந்து வாடுகிற இடம். வாய்ச்சண்டை போட்டுக் காதலிக்கிற இடமாக அதை வகுக்கவில்லை. ஆனாலும் சின்ன வயது விளையாட்டு நெய்தலிலும் நுழைந்துவிடுகிறது. நற்றிணை 172இல் தோழிகளோடு மணலில் புதைத்து விளையாடி மறந்துபோன புன்னை விதை முளைத்து மரமாகிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த மரம். உன்னைவிட இவள் நல்லவள், உனக்குத் தங்கை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தங்கை பார்க்க இந்த நிழலில் எப்படி உன்னோடு சிரித்துப் பேசுவது என்று கூச்சம். கடலோர ஊரில் மரத்துக்குக்கூட உறவுமுறை உண்டு. சிற்றில் சிதைக்கிற பையன் அதற்குப் பிறகும் தமிழை விடவில்லை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க அவனிடம்தான் கெஞ்சல். ஆண்பால் பிள்ளைத்தமிழில் அதற்கென்றே ஒரு பருவம் ஒதுக்கினார்கள்.

மராத்தியிலும் இதன் சாயல் உண்டு. சொப்பு வைத்துச் சோறாக்கும் விளையாட்டில் ராஜாவும் ராணியுமாக இருந்த இருவர், ஆட்டம் பாதியில் நிற்கப் பிரிந்துபோவதைப் பற்றி மங்கேஷ் பாட்கௌங்கர் எழுதி, யஷ்வந்த் தேவ் இசையில் அருண் தாத்தே பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. புனே வீடுகளில் அதை முணுமுணுக்காத நடுவயதுக்காரர் அபூர்வம். பாட்கௌங்கர் வெங்குர்லாவில் பிறந்தவர், அதுவும் கடலோர ஊர்.

ஏன் தெற்கே இந்தக் கதை இவ்வளவு இயல்பாக வருகிறது என்பதற்கு விடை சொன்னவர் ஒரு புனேக்காரர். டெக்கான் கல்லூரியில் மானிடவியல் கற்பித்த இராவதி கார்வே 1953இல் வெளியிட்ட இந்திய உறவுமுறை பற்றிய நூலில் நாட்டை மண்டலங்களாகப் பிரித்துப் பார்த்தார். வடக்கே பெண் அறியாத ஊருக்கு, அறியாத ஆட்களிடம் போகிறாள். தெற்கே அவள் போவது பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த வீட்டுக்கு. அத்தை வீடு, மாமன் வீடு. மகாராஷ்டிரம் நடுவே. பல சாதிகளில் தாய்மாமன் மகளைக் கட்டலாம், அத்தை மகள் கூடாது. இதைக் கதைக்காரனின் கண்ணால் படித்துப் பாருங்கள். லீவுக்கு மாமன் வீட்டுக்குப் போய், மாங்காய்க்கு அடித்துக்கொண்டு, பின்னலைப் பிடித்து இழுத்து, ‘இவனைத்தான் கட்டிக்கப்போறே’ என்று பெரியவர்கள் கிண்டல் செய்ய, அழுதுகொண்டே ஓடுகிற பெண்ணுக்கு, எதிரியும் வருங்காலப் புருஷனும் ஒரே ஆள். அங்கே போட்டியே நிச்சயதார்த்தத்தின் முதல் பாகம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நாம் பழமொழி சொன்னது சும்மா இல்லை, வேறு கை அணைக்கக் கிடைக்காது என்பதால்.

கார்வே குடும்பத்திலேயே ஒரு கடலோரக் கதை இருக்கிறது. நாவலாகவில்லை என்பதுதான் குறை. இராவதியின் மாமனார் மகரிஷி தோண்டோ கேசவ் கார்வே, தாபோலி பக்கத்தில் முருட் என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தவர். புனே ஃபெர்குசன் கல்லூரியில் கணித ஆசிரியர். ஊர் முன்னேற வேண்டும் என்று ‘முருட் நிதி’ சேர்த்தவர்களில் முக்கியமானவர். முதல் மனைவி இறந்தபின், 1893இல், பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் படித்துக்கொண்டிருந்த கோதுபாய் என்ற இளம் விதவையை மணந்தார். மும்பையில் கூடத் தங்கிய நண்பனின் தங்கை; பழக்கமான முகம்தான். நிதி சேர்த்துக் கொடுத்த அதே ஊர் கூடி அவரைத் தள்ளிவைத்தது. பெற்ற தாயின் வீட்டில்கூட முன்போலத் தங்க முடியாத நிலை. கோதுபாய் ஆனந்திபாய் கார்வேயாகித் தன் வரலாற்றைத் தானே எழுதினார். கணவர் எழுதியதைவிட அதில் உப்பும் காரமும் அதிகம் என்பது என் எண்ணம். காதல் என்ற சொல்லை அந்தத் தம்பதி பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். இங்கே போட்டி கணவன் மனைவிக்குள் இல்லை, அவர்களுக்கும் ஊருக்கும்.

அதே தாபோலிக் கரை இன்னொருவரையும் கொடுத்தது. ஸ்ரீ. நா. பெண்ட்ஸே 1913இல் முர்டி என்ற சிற்றூரில் பிறந்தார். மும்பையில் பஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, விட்டு வந்த கரையை நாவல் நாவலாக எழுதினார். 1952இல் வந்த ‘காரம்பிச்சா பாபு’ மேடை ஏறியது, 1980இல் காசிநாத் காணேகர் நடிக்கத் திரைக்கும் வந்தது. தென்னையும் பாக்கும் மண்டிய காரம்பியில் பாபு ஒரு முரடன். ஊர்ப் பெரிய மனிதர் அண்ணா கோத்துக்கு அவன் ஆகாது. ஊர் வாயில் விழுந்த ராதாவோடு அவன் வெளிப்படையாக வாழ்கிறான். ‘கோத்’ என்பது பெயரின் வால் மட்டுமில்லை; அரசுக்கு வரி கட்டும் பொறுப்பை ஏற்று, ஊர் நிலத்தின்மேல் பரம்பரையாக அதிகாரம் செலுத்தியவர்கள் கோத்கள். அந்த முறையை ஒழிக்க 1937இல் பம்பாய் சட்டசபையில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். ஒழிப்புச் சட்டம் வந்தது 1949இல். நாவல் வந்ததோ அதற்கு மூன்று வருடம் கழித்து. பாபுவும் ராதாவும் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையில் இந்தச் சட்டம் எங்கும் பேசப்படுவதில்லை. ஆனால் அண்ணா கோத்தை எதிர்த்து ஒருவன் நிமிர்ந்து நிற்கலாம் என்று வாசகர் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெண்ட்ஸே 1987இல் ‘தும்பாட்சே கோத்’ என்று இரண்டு பெரிய தொகுதிகள் எழுதி, அந்தப் பரம்பரை தலைமுறை தலைமுறையாகச் சரிவதைக் காட்டினார். மராத்தியில் ‘பாவ்கி’ என்பது நம் பங்காளிதான். பங்காளிக் காய்ச்சல் கொங்கணத்திலும் அதே டிகிரியில்தான் அடிக்கிறது. இந்த நாவல்களின் பெரிய பலம், காதலுக்கு எதிராக நிற்பது வில்லன் அல்ல, நில உறவு என்பதைப் பிரசங்கம் பண்ணாமல் காட்டுவது. பலவீனமும் சொல்லிவிடலாம். பெண் மனசுக்குள் பெண்ட்ஸே வெகுதூரம் போவது எப்போதாவதுதான். ராதாவை நாம் பெரும்பாலும் பாபுவின் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம்.

தமிழ் வாசகருக்குக் கொங்கணக் கரை அறிமுகமானது வேறு வழியில். வி. ஸ. காண்டேகர் சாங்லியில் பிறந்து, புனே ஃபெர்குசன் கல்லூரியில் சேர்ந்து, படிப்பை முடிக்காமல் சித்தப்பா வீட்டுக்குச் சுவீகாரம் போனவர். 1920இல் ஷிரோடா என்ற கடலோரக் கிராமத்துக்குப் பள்ளி ஆசிரியராகப் போய் 1938 வரை அங்கேயே இருந்தார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த ஊர் அது. அவருடைய தொடக்க நாவல்கள் பலவும் அந்த உப்புக் காற்றில் எழுதப்பட்டவை. கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்பில் அவை தமிழ்நாட்டு வாசகசாலைகளில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. காண்டேகரைத் தமிழர் என்றே நினைத்தவர்கள் உண்டு. எதிரெதிர்க் கருத்துள்ள இருவர், லட்சியம் பேசிப் பேசி, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துக் கடைசியில் சேராமலே போவது அவர் பாணி. அதற்கு நேரெதிராகக் கச்சிதமாகவும் கவர்ச்சியாகவும் காதல் கதை எழுதியவர் நா. ஸீ. பட்கே. கலை கலைக்காகவா, வாழ்வுக்காகவா என்று இருவரும் மராத்தியைப் பல வருடம் இரண்டு கட்சியாக்கினார்கள். 1940இல் ரத்னகிரி இலக்கிய மாநாட்டுத் தலைவர் பட்கே, அடுத்த வருடம் சோலாப்பூரில் காண்டேகர். போட்டியாளர் இருவரைப் பற்றிக் கதை தேடுகிறவர்கள் அந்த இரண்டு வருடத்தையே எடுத்துக்கொள்ளலாம். காதல் மட்டும் இருக்காது.

காண்டேகர் வழியாக நமக்கு வந்தது கடலோர ஊரின் மனசு. ஊரின் உடம்பு வரவில்லை. வலை, படகு, கூலி, மீன்நாற்றம் எல்லாம் நம்மவர்கள் எழுதியபோதுதான் வந்தன. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வெளியானது. மணப்பாட்டுக் கரை. பிலோமிக்கும் சாமிதாஸுக்கும் காதல். இந்தக் காதலைச் சுற்றி வல்லக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் பகை. பிலோமியின் அண்ணன் செபஸ்தி வெளியூரில் வாத்தியார்; வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டு வந்து என்னோடு இருங்கள் என்கிறான். அப்பா குரூஸ் மிக்கேலுக்கு வல்லத்தை விற்பது உயிரை விற்பது. போனவனும் இருந்தவரும் எதிரெதிரே நிற்கிற இந்த இடம்தான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததற்கு அச்சாணி. பிலோமியும் சாமிதாஸும் சேரவில்லை. ஆனால் பிரிந்தபின் ஒருவரை ஒருவர் பழிக்காமல் சந்தித்துப் பேசுகிறார்கள். கடலோரக் காதலில் அவ்வளவு நாகரிகமான பிரிவு தமிழில் வேறு இல்லை என்றே சொல்வேன்.

ஈழத்தில் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1973இல் வந்தது, 1978இல் படமும் ஆனது. வாடைப் பருவத்தில் தொழிலுக்காக வந்து கரையில் வாடி போடும் இரண்டு சம்மாட்டிகளின் போட்டியில் காதலும் சிக்குகிறது. போட்டி மீனுக்கா பெண்ணுக்கா என்று பிரிக்க முடியாதபடி நாவல் நடக்கிறது. காற்று திரும்பினால் வாடியைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்ற கெடு, கதைக்கு வேறெதுவும் கொடுக்க முடியாத அவசரத்தைக் கொடுத்துவிடுகிறது.

இனி ஜனரஞ்சகப் பக்கம். 1969இல் ராணி முத்து தொடங்கியபின் மாத நாவல் என்பது தமிழ் வீடுகளில் மளிகைச் சாமானோடு வருகிற பண்டமானது. ரமணிசந்திரன் தொடங்கி அவர் வழியில் வந்த பலரும் மோதலில் ஆரம்பித்துக் காதலில் முடிகிற கதையை ஆயிரம் விதமாகத் திருப்பிப் போட்டார்கள். பழைய பகையுள்ள இரண்டு குடும்பம், கட்டாயக் கல்யாணம், தப்பர்த்தம், கடைசி அத்தியாயத்தில் கண்ணீர். இவற்றை ஏளனம் செய்வது சுலபம். அடுப்படி வேலைக்கு நடுவே வாசித்த பெண்களுக்கு, கோபக்கார ஆண் இறுதியில் தன்முன் தோற்பதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை யோசித்தால் ஏளனம் வராது. என் குறை வேறு. இந்தக் கதைகளில் ஊர் என்பது பெயர்ப்பலகை. கன்னியாகுமரி என்று போட்டாலும் கொடைக்கானல் என்று போட்டாலும் வசனம் மாறாது. இன்று பிரதிலிபி செயலியில் தமிழிலும் மராத்தியிலும் தொடராக வருகிறவற்றிலும் இதே வியாதி. முறைமாப்பிள்ளை போய்ப் பள்ளித்தோழன் வந்திருக்கிறான், பங்களா போய் ஐடி கம்பெனி வந்திருக்கிறது. அலை மட்டும் பின்னணியில் அடித்துக்கொண்டிருக்கிறது.

உறவுக்குள் கல்யாணம் குறையக் குறைய, சின்ன வயதுச் சண்டைக்குப் புது இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தைப் பள்ளிக்கூட பெஞ்சு பிடித்தது. சினிமாதான் இதை முதலில் கண்டுகொண்டது. பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) இரண்டும் முட்டத்துக் கரையில் எடுத்தவை. முந்தையதில் ஜோடி சேர்ந்து வாழ ஊரை விட்டே போக வேண்டியிருக்கிறது. பின்னதில் ரவுடிக்கு டீச்சர் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். கெளதம் வாசுதேவ் மேனனின் ‘நீதானே என் பொன்வசந்தம்’ (2012) நம் தலைப்புக்கு மிக அருகில் வருகிறது. வருணும் நித்யாவும் சின்னப் பிள்ளையில் சண்டை போட்டுப் பிரிகிறார்கள், பள்ளியில் சேர்ந்து பிரிகிறார்கள், கல்லூரியிலும் அப்படியே. கடைசியில் சுனாமி பாதித்த மணப்பாட்டில் அவள் பாடம் சொல்லிக்கொடுக்க, அவன் தேடிப் போகிறான். வண்ணநிலவன் எழுதிய அதே மணப்பாடு! இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஒன்றில் ஊர்க்காரர்களுக்குக் காதல் வருகிறது. மற்றொன்றில் சென்னைக்காரர்களின் காதலுக்கு ஊர் திரைச்சீலையாகத் தொங்குகிறது. ஈகோவைக் கூர்மையாகப் பிடித்த படம் என்பதையும் மறுக்க மாட்டேன்.

மராத்திப் படங்களுக்கு வாய்ச்சண்டை கைவந்த கலை. சதீஷ் ராஜ்வாடேயின் ‘மும்பை-புனே-மும்பை’ (2010) முழுக்க ஒரு மும்பைப் பெண்ணும் ஒரு புனேப் பையனும் ஒருநாள் பூராவும் தெருத்தெருவாக நடந்து, எந்த நகரம் உசத்தி என்று அடித்துக்கொள்வதுதான். ஸ்வப்னில் ஜோஷியும் முக்தா பர்வேயும் பேசியே படத்தை ஓட்டிவிட்டார்கள். இரண்டு பாகங்கள் தொடர்ந்து வந்தன. ராஜ்வாடே 2017இல் எடுத்த ‘தீ ஸத்யா காய் கர்தே’ சின்ன வயதுத் தோழி இப்போது என்ன செய்கிறாள் என்று நடுவயதுக்காரன் ஏங்குவது. அடுத்த வருடம் தமிழில் ‘96’ வந்து அதே நரம்பைத் தொட்டது. இரண்டிலும் கடல் இல்லை, போட்டியும் இல்லை, ஏக்கம்தான். நெய்தலின் உரிப்பொருள் கரையை விட்டு நகரத்துக்குக் குடிவந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

காதல் கதை அல்லாத ஒரு படத்தைத்தான் இந்த வரிசையில் நான் உயர்வாகச் சொல்வேன். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த அவினாஷ் அருணின் ‘கில்லா’ 2014இல் பெர்லின் விழாவில் பரிசு பெற்றது. அப்பாவை இழந்த சின்மய், அரசு வேலையில் இருக்கும் அம்மாவுக்கு மாற்றலானதால் புனேயிலிருந்து கொங்கணக் கடலோர ஊருக்கு வருகிறான். புதுப் பள்ளி, பந்த்யா என்ற துடுக்குப் பையன், சைக்கிள் போட்டி. கோட்டைக்குப் போன இடத்தில் மழை கொட்ட, கூட வந்தவர்கள் இவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் கோட்டைச் சுவருக்குள் தனியே நனைந்து நிற்கும் பையனின் முகத்தில் இருக்கும் துரோக உணர்ச்சிதான், இருபது வருடம் கழித்து எழுதப்பட வேண்டிய நாவலின் விதை. இந்தப் பையன் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று யாரும் இன்னும் எழுதவில்லை.

இந்தத் துறையின் பொது ஊனம் ஒன்று உண்டு. கடலோரக் கதைகளில் பெரும்பாலானவை போனவர்கள் எழுதியவை. பெண்ட்ஸே மும்பையில் இருந்து எழுதினார். காண்டேகர் வந்து போனவர். வாசகர்களும் போனவர்கள்தான். மும்பையில் வேலை பார்க்கும் கொங்கணக்காரருக்குச் ‘சாகர்மானி’ என்றே பெயர். கணபதிக்கு ஊருக்கு ஓடுவார், பண்டிகை முடிந்ததும் திரும்புவார். புனேயின் ஸ்வார்கேட் நிலையத்தில் எஸ்.டி. பஸ் பிடிப்பவர்களின் கதையும் அதுவே. கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் சிலர் மும்பையிலிருந்து புனே வழியாக நாகர்கோவில் போகும் எக்ஸ்பிரஸில் ஏறுகிறார்கள். முட்டமும் மணப்பாடும் அவர்களுக்கு லீவு நாள் விவகாரம். கதை இவர்கள் கண்ணால் சொல்லப்படும்போது, ஊரில் தங்கிவிட்டவன் மண்வாசனையோடு வட்டார வழக்கு பேசுவான், நல்ல மனசுக்காரனாக இருப்பான், கடைசியில் காதலிக்கப்படுவான். அவனுக்கு வாதம் மட்டும் இருக்காது.

விலக்கு என்று சொன்னால் இராவதி கார்வேயின் மகள் கெளரி தேஷ்பாண்டே. கடலோரம் அவர் களமில்லை. ஆனால் 1980களில் அவர் எழுதிய குறுநாவல்களில் பெண்ணும் ஆணும் சரிக்குச் சரியாக வாதாடுகிறார்கள். காதல் வந்தபின்னும் வாதம் ஓய்வதில்லை. அம்மா உறவுமுறையின் வரைபடத்தைப் போட்டார், மகள் அந்தக் கோடுகளை மீறி நடக்கிறவர்களை எழுதினார். அந்தத் தர்க்கம் தாபோலிக் கரைக்குப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

வாதத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஜைத்தாப்பூர் அணுமின் திட்டம், நாணாரில் வரவிருந்து 2019இல் கைவிடப்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதற்குப் பதிலாகச் சொல்லப்பட்ட பார்சுவில் 2023இல் மண் பரிசோதனையை எதிர்த்துப் பெண்கள் வெயிலில் உட்கார்ந்த போராட்டம். நம் பக்கம் கூடங்குளமும் இடிந்தகரையும். வேலை வரும் என்று சொல்பவர்களும், கடல் போகும் என்று சொல்பவர்களும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்தான். ஊரில் பூட்டிக்கிடக்கும் வீடுகள் வார இறுதிப் புனேக்காரர்களுக்கு ஹோம்ஸ்டே ஆகின்றன. மாந்தோப்பின் ‘சாத்பாரா’ தாளில், அதாவது நம் பட்டா-சிட்டா மாதிரியான நிலப் பதிவில், தாத்தா பெயருக்குக் கீழே வரிசையாகப் பங்காளிகளின் பெயர்கள். பாதிப் பேர் மும்பையில், சிலர் புனேயில், ஒருவர் அமெரிக்காவில். ஒரு கையெழுத்து குறைந்தாலும் விற்க முடியாது, வங்கிக் கடன் வாங்க முடியாது, கூரைகூட நிம்மதியாக மாற்ற முடியாது.

அவனும் அவளும் மறுபடி சந்திக்க வேண்டிய இடம் கடற்கரை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. தலாட்டி, அதாவது நம் கிராம நிர்வாக அலுவலர் மாதிரியானவர், அவருடைய அலுவலகத்தின் மர பெஞ்சு. அவள் புனேயிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருக்கிறாள், தன் பங்கை விற்க. அவன் ஊரிலேயே இருந்து இருபது வருடமாகத் தோப்பைப் பார்த்துக்கொண்டவன், கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். ஆறாம் வகுப்பில் தன்னைவிட இரண்டு மார்க்கு கூட வாங்கியவள் அவள் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் போன தலாட்டி இன்னும் வரவில்லை.